சத்தம் போடாத பீடர்

பக்கத்து ஏரியாவான பட்டறைமேட்டுக்காரர்கள் அவர்களுடைய சப்ஸ்டேஷன் காவலாளியின் காலை உடைத்த அன்று அவர்களுக்குக் கரண்ட் வந்தது. எங்களுக்குப் போனது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும், இல்லாத தொடர்பைத் தேடிப் பிடிப்பது என் வழக்கம் என்று விட்டுவிட்டிருப்பேன்.

எங்கள் இடம் கூட்டுறவுக் காலனி. ஓய்வுபெற்ற வாத்தியார்களும் வங்கிக்காரர்களும் தபால்காரர்களும் தவணையில் கட்டிய வீடுகள். தெருவில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கரண்ட் போனால் சங்கச் செயலாளர் ஜெகதாம்பாள் டீச்சர் மனு எழுதுவார். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். என் அண்ணன் மயில்சாமியும் மூக்கில் குழாயோடு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து போடுவார். பவுண்டரியில் மணல் தூசியைச் சுவாசித்து அவருடைய நுரையீரல் கல்லாகிவிட்டது. அறை மூலையில் உள்ள ஆக்சிஜன் எந்திரம் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குப் பிறகு சிலிண்டர். அந்தக் கோடையில் சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

நான் பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மாலையில் மின்பணிப் படிப்பு. பாடம் எடுத்த நாச்சிமுத்து சார், எங்கள் ஏரியாவுக்குக் கரண்ட் அனுப்பும் சப்ஸ்டேஷனிலேயே ஆபரேட்டர். ஒருநாள் பலகையில் ஒரு முனையில் அனல் நிலையத்தையும் மறுமுனையில் ஒரு வீட்டையும் வரைந்தார்.

"கரண்ட்டுக்கு நிக்கத் தெரியாதுங்க" என்றார். "பொறந்த நொடியே யாரோ ஒருத்தர் வூட்டுல செலவாகணும். தூரமாப் போகோணும்னா அழுத்தத்தை ஏத்தி அனுப்பறோம். இல்லீன்னா வழியிலயே கம்பி சூடாகித் தின்னுபோடும். ஊருக்குப் பக்கத்துல இறக்கறோம். சப்ஸ்டேஷன்ல இன்னொருக்கா இறக்கி ஏரியாவுக்கு ஒரு பீடரா, அதாவது ஒரு லைனாப் பிரிச்சு விடறோம். கடைசியா உங்க தெருமுக்கு டிரான்ஸ்பார்மர்ல இறக்கி வூட்டுக்குள்ள விடறோம். இந்த முனையில எவ்வளவு எடுக்கறீங்களோ, அதே நொடி அந்த முனையில அவ்வளவு ஓட்டோணும். எடுக்கறது கூடிப்போச்சுன்னா?"

"மொத்தமும் விழுந்துரும் சார்" என்றார் முன்பெஞ்சுக்காரர்.

"மாநிலமே இருட்டாயிரும். அதுக்கு முன்னால சில பீடரை வெட்டி விடோணும். எதை வெட்டறதுன்னு முன்ன மனுசன் சொன்னான். இப்பப் பங்காளி சொல்லுது."

மின்பங்கீட்டு மையத்தின் கணிப்பொறியை ஊரில் எல்லாரும் பங்காளி என்றுதான் சொன்னார்கள். பாகம் பிரிப்பதில் இரக்கம் பார்க்காது என்பதால் வந்த பெயர்.

"ஏனுங்க சார், அது எங்க காலனியையே பிடிச்சுட்டுத் தொங்குது?" என்று கேட்டேன்.

சார் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "அம்மிணி, அதுக்கு ஒரே வேலைதான் சொல்லியிருக்காங்க. மொத்த நட்டம் கொறைவா இருக்கோணும். மில்லு நின்னா இவ்வளவு நட்டம், கோழிப்பண்ணை செத்தா இவ்வளவுன்னு எல்லாம் கூட்டிப் பாக்கும். சப்ஸ்டேஷன்காரன் மண்டை ஒடஞ்சு ஆஸ்பத்திரியில படுத்தா அதுவும் நட்டந்தானுங்களே? பட்டறைமேட்டை வெட்டுனா என்னாகும்னு அது பாத்துருச்சு. உங்களை வெட்டுனா என்னாகும்?"

"மனுக் கொடுப்போம்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"மனு வர வர அதுக்கு நம்பிக்கை கூடுது. இவிய மனு எழுதறவிய, கல்லு எறியறவிய இல்லீன்னு."

"இப்படிச் செய்யச் சொல்லி யாருங்க சார் அதுக்கு எழுதி வெச்சது?"

"யாரும் எழுதலீங்க. அதுவாக் கத்துக்கிச்சு."

இதைக் காலனியில் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தன. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஜெகதாம்பாள் டீச்சரின் கணவர் இறந்துபோனார். பக்கவாதத்தில் படுத்திருந்தவர். உச்சிவெயிலில் மின்விசிறி நின்ற அறையில், விசிறிக்கொண்டிருந்த டீச்சருக்குக் கண் அசந்த நேரத்தில் போய்விட்டார். உடம்பைத் தூக்கும்போது முதுகுத்தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

காரியம் முடிந்த பிறகு டீச்சரிடம் சார் சொன்னதைச் சொன்னேன். அவர் தட்டில் இருந்த வெற்றிலையை அடுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப நான் எழுதுன மனுதான் அவரைக் கொன்னுச்சா, கோதை?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் அப்படித்தானுங்க டீச்சர்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காலனி மொத்தமும் சப்ஸ்டேஷனுக்குப் போனது. அன்றும் கரண்ட் கட்டுத்தான். வரிசையாகத்தான் போனோம். கேட்டில் பூட்டு இல்லை. பட்டறைமேட்டுக் காவலாளி கால் உடைந்த பிறகு எந்த சப்ஸ்டேஷனிலும் காவலுக்கு யாரும் வரவில்லை. உள்ளே போகும்போது பாதிப் பேர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தபால்காரர் ராயப்பன் கையில் கடப்பாரை இருந்தது. மற்றவர்கள் கையில் குடைக்கம்பு, கிரிக்கெட் மட்டை, கொடிக்கம்பி கட்டும் பைப்.

நாச்சிமுத்து சார் ஷிப்டில் இருந்தார். வெளியே வந்து, ராயப்பன் டிரான்ஸ்பார்மர் பக்கம் திரும்புவதைப் பார்த்துக் குறுக்கே நின்றார்.

"அதைத் தொடாதீங்க. அதை ஒடச்சா புதுசு வர மாசமாகும். உங்களுக்குத்தான் கரண்ட் இருக்காது."

"நீங்க ஸ்விட்சைப் போட்டு விடுங்க" என்றார் டீச்சர்.

"ஸ்விட்சு என் கையில இல்லீங்க. மையத்துல இருந்து பங்காளியே மூடும், அதுவே தொறக்கும். போன வருசமே எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

"அப்ப உங்களை எதுக்கு இங்க வெச்சிருக்காங்க?"

"அதைத்தானுங்க நானும் யோசிச்சுட்டு இருக்கறேன்" என்று சார் சிரிக்க முயன்றார்.

"கரண்ட் தர்ற சாமான் எதையும் உடைக்கக் கூடாது. ஆனா அதுக்கு நட்டம் தெரியணும்" என்றார் டீச்சர். வகுப்பில் கணக்கைப் படிப்படியாகப் போடுவதுபோல நிதானமாகத்தான் சொன்னார். "அப்ப எதைத்தான் உடைக்கறது?"

 சார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தில் பார்வை நின்றபோது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ராயப்பன் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அவர் வலது முழங்கையில் அடித்தார். காய்ந்த குச்சி முறிவதுபோலக் கேட்டது. சார் குனிந்தார். மட்டை முதுகில் விழுந்தது. பிறகு யார் அடித்தது, யார் அடிக்கவில்லை என்று பிரிக்க முடியாமல் போனது. மாடித் தோட்டத்துக் கீரையைத் தெருவெல்லாம் கொடுக்கும் அம்மா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். வங்கி மேலாளராக இருந்தவர் சாரின் விரல்கள்மேல் ஏறி நின்றார். தொலைந்த சாவியைத் தேடுகிறவர்போலத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாரின் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் ஜல்லிக்கல் மேல் விழுந்தன. நான் அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. இரண்டில் எதைச் செய்வது என்று தீர்மானிப்பதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்து அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஜோடி மாறிப்போய், "இது உங்களுதுங்களா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கரண்ட் வந்திருந்தது. அண்ணனின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிக் கண்ணு குடுத்தாங்க? மனுவா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா."

போலீஸ், அடையாளம் தெரியாத நபர்கள் என்று வழக்குப் பதிந்தது. கொஞ்ச காலம் கட்டே இல்லை. டீச்சர் மனு எழுதுவதை விட்டுவிட்டார்.

சார் கையில் மாவுக்கட்டோடு வகுப்புக்குத் திரும்பினார். இடது கையால் பலகையில் எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.  வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார்.

"அம்மிணி, உங்களுக்கு மறுபடியும் கட்டு ஆரம்பிச்சிருக்குமே?"

"ஆமாங்க சார். சார், அன்னைக்கு..."

"அதை விடுங்க. அது மறக்கும், தெரியுங்களா? நீங்க அமைதியா இருக்கற ஒவ்வொரு நாளும் பழைய அடியைக் கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்சுக்கும். மறுக்கா வருவீங்க. வராம முடியாது. எனக்குத் தெரியும், உங்கண்ணனைப் பத்தி நீங்க சொல்லியிருக்கறீங்க." கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். "வந்தா எடது தோள்ல அடிக்கச் சொல்லுங்க. வலது இன்னும் கூடலை."

"வேலையை விட்டுருங்க சார்."

"விட்டா வேற ஒருத்தன் வந்து உக்காருவான். அவன் எந்தப் பக்கம் அடிக்கறதுன்னு சொல்லத் தெரியாதவனா இருப்பான்."

அவர் சொன்னதை டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் தலையாட்டி, "நல்ல மனுசன்" என்றார்.

அதன்பிறகு அது காலனி வேலைகளில் ஒன்றாகிவிட்டது. சாக்கடை தூர்வாருவதுபோலத் தெருத்தெருவாக முறை வைத்துக்கொண்டார்கள். சார் ஷிப்டில் இருக்கும் பகலில் போவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். தோள், தொடை, ஒருமுறை விலா. ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பங்காளி கணக்கில் எடுக்கும் என்பதால் ரத்தம் வரும்வரை அடிப்பார்கள். கூட்டிப் போக ஆட்டோவும் அவர்களே சொல்லி வைத்திருப்பார்கள். எங்கள் தெரு முறை வந்தபோது நான் கம்பெனியில் ஓவர்டைம் என்று சொல்லித் தப்பித்தேன். "போனமுறை வந்த பெரியவருக்கு அடிக்கவே தெரியலீங்க. நாலுவாட்டி அடிச்சுத்தான் தோல் கிழிஞ்சுது" என்று சார் ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அது நகைச்சுவையா இல்லையா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஆனால் ஆடி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. விஷயம் எல்லா ஏரியாவுக்கும் பரவிவிட்டது. எல்லாரும் அடிக்க ஆரம்பித்ததும் அடிக்கு மதிப்பு இல்லாமல் போனது. எந்த ஏரியாவை வெட்டினாலும் தோள்தான் உடையும் என்றால், ஏற்கெனவே தோள் உடைந்த இடத்தையே மறுபடியும் வெட்டலாம் என்று பங்காளி கண்டுகொண்டது. எங்கள் கட்டு முன்னைவிட நீண்டது. அண்ணனின் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே சிலிண்டருக்காகக் கடை கடையாக போன் போட்டேன்.

அந்த வாரம்தான் பட்டறைமேட்டுக்காரர்கள் அவர்களுடைய ஆபரேட்டரைக் கொன்றார்கள். கல்லால் அடித்தே. அன்றிலிருந்து பட்டறைமேட்டில் கரண்ட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. கட்டு நேரம் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். யாரும் பட்டறைமேட்டின் பெயரைச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கீரைக்கார அம்மாவின் பேரன் வயிற்றுப்போக்கில் படுத்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ராயப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஒருக்காப் பண்ணுனா வருசம் முழுக்கத் தாங்கும்னு சொல்லிக்கறாங்க."

 கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட், கோதை?"

"தெரியலீங்க டீச்சர்."

தெரியும். ஆனால் டீச்சரின் அக்கா மகன் என் வகுப்பில் படிக்கிறான். சார் ஒவ்வொரு வாரமும் தன் ஷிப்டை வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் பாட நேரத்தை முடிவு செய்வார். கூட்டம் கலைவதற்குள் அவனிடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, பகல்.

திங்கள் மாலை வகுப்பு முடிந்து சாரைப் பேக்கரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு டீ சொன்னேன். அவர் டீயை இடது கையால் பிடித்தார். மாவுக்கட்டு பிரித்த வலது கை இன்னும் மடங்கவில்லை.

"நாளைக்கு லீவு போட்டுருங்க சார். நாளைக்கு வர்றது வேற மாதிரி."

அவர் ஆச்சரியப்படவில்லை. "பட்டறைமேட்டுச் சேதி கேட்டப்பவே நெனச்சேன். எத்தனை பேரு?"

"காலனி மொத்தமும்."

"நான் லீவு போட்டா அந்தச் சீட்டுல உக்காரப் போறது புதுசா வந்திருக்கற பையன். போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு." டீயைக் குடித்து முடித்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. கூட்டம் அடிக்கறப்ப மொத அடிதான் கணக்கு. மொத அடியில நான் விழுந்து அசையாமக் கெடந்தா, முடிஞ்சுதுன்னு நெனச்சு நின்னுருவாங்க. இவிய கொலைகாரங்க இல்லீங்க. பயந்துட்டு ஓடிருவாங்க. அந்த மொத அடி உங்களுதா இருக்கட்டும்."

"என்னால முடியாதுங்க சார்."

"அதனாலதான் உங்களைச் சொல்றேன். உங்களுக்குக் கை நடுங்கும் அம்மிணி. டெஸ்டர் புடிக்கறப்பவே நடுங்கும், நான் பாத்திருக்கறேன். நடுங்கற கையில பைப்பு நேரா விழாது. மண்டைத் தோலு கிழியும், நெறைய ரத்தம் வரும், பாக்கறதுக்குச் செத்த மாதிரி இருக்கும். நான் பொழச்சுக்குவேன். ஆஸ்பத்திரியில நான் ஒரு மாசம் கெடந்தாலும் உங்களுக்கு ஒரு மாசம் கரண்ட்டு வரும்."

அவருடைய யோசனையில் தப்பு இருக்கிறதா என்று வீடு வரை யோசித்தேன். எனக்கு எதுவும் தென்படவில்லை.

செவ்வாய் காலை கட்டு விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. கடைசிச் சிலிண்டரை அண்ணனுக்கு மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு, கொடிக்கம்பிப் பைப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நானே முதலில் அடிக்கிறேன் என்றபோது டீச்சர் என் தலையை வருடிக் கொடுத்தார். இந்தமுறை யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

சப்ஸ்டேஷன் கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"கோதை, சிலிண்டர் முள்ளு செகப்புக்கு வந்துருச்சு. அவரு என் கையைப் புடிச்சுட்டு விட மாட்டேங்கறாரு. பேச முடியலை. என்ன பண்ணட்டும் சொல்லு."

பதில் சொல்லாமல் போனைப் பையில் போட்டேன்.

சார் கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் வேறு யாரோ ஒருவருடையதுபோல இருந்தது. என்னைப் பார்த்ததும், சரியாகத்தான் நடக்கிறது என்பதுபோல லேசாகத் தலையசைத்து, அடி விழ வசதியாகக் கொஞ்சம் குனிந்துகொடுத்தார். ஒரு மாதம் என்று அவர் சொன்னதை நினைத்தேன். ஒரு வருடம் என்று ராயப்பன் சொன்னதையும் நினைத்தேன். அண்ணன் அந்த அக்காவின் கையைப் பிடித்திருப்பதை நினைத்தேன். பைப்பை இரண்டு கையாலும் தூக்கினேன்.

கை நடுங்கவில்லை.

நேராகத்தான் விழுந்தது. மண்டை உள்வாங்குவதைப் பைப் வழியாக என் உள்ளங்கை உணர்ந்தது. சார் சத்தம் போடவில்லை. முழங்காலில் விழுந்து பிறகு பக்கவாட்டில் சரிந்தார். அவர் சொன்னபடியே மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். சிலர் ஓடினார்கள். கீரைக்கார அம்மா வாந்தி எடுத்தார். நான் மறுபடியும் பைப்பைத் தூக்கினேன். அது தேவைப்பட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை. ராயப்பன் வந்து என் கையிலிருந்து பைப்பை வாங்கிக்கொண்டார். சாரை ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நன்றாக மூச்சு வந்த பிறகு, "யாரு அடிச்சது?" என்று கேட்டார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாரும்தாண்ணா."

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பைப் துரு இன்னும் போகவில்லை. கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கரண்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை.

வகுப்பு சில நாட்கள் நடக்கவில்லை. பிறகு புதிதாக ஒருவர் வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். கையில் கங்கணக் கயிறு சாயம் போகாமல் இருந்தது. பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டார். முன்பெஞ்சுக்காரர் சொன்னார். ஒவ்வொருவரும் பெயரும் ஏரியாவும் சொல்லுங்கள் என்றார். நான் கூட்டுறவுக் காலனி என்றபோது, "உங்களுக்கு இப்பவெல்லாம் கட்டே இல்லையாமே, குடுத்து வெச்சவங்க" என்றார். ஏன் என்று உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நானும் அந்த சப்ஸ்டேஷன்லதான் ஆபரேட்டர். சார் இடத்துக்குத்தான் என்னைப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பலகையில் அனல் நிலையத்தையும் வீட்டையும் வரையத் தொடங்கினார்.

பின்பெஞ்சில் ரயில்வே காலனிப் பெண் எழுந்து நின்றாள். அவர்களுக்கும் அதே சப்ஸ்டேஷன்தான்; போன வாரம் முழுக்க அவர்களுக்குத்தான் கட்டு.

"சார்" என்றாள் மிகவும் மரியாதையாக. "உங்களுக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்டுங்க?"